சமோசாவுக்குத் தூக்கிய கை

சாகுல் ஹமீது கையைத் தூக்கியது இரண்டாவது சமோசாவுக்காக. இதை அவர் பிற்பாடு பதினோரு பேரிடம், மூன்று மொழிகளில் விளக்கியிருக்கிறார். அதில் ஒருவர் கப்பல் டிக்கெட் வரிசையில் முன்னால் நின்ற, முன்பின் தெரியாத தெலுங்குக்காரர். எல்லோரும் தலையை ஆட்டினார்கள். எத்தனை பேர் நம்பினார்கள் என்பது வேறு விஷயம்.

நடந்தது இதுதான். போர்ட் பிளேயர் டாலிகஞ்சில் மூடிக்கிடந்த ஒரு டியூஷன் சென்டரின் மாடியில், கடல்மகுடம் சீட்டாட்ட வீரர் சங்கத்தின் அவசரப் பொதுக்குழு கூடியிருந்தது. சமோசா போட்டு விற்கும் செல்வம்மாள் தட்டை ஏந்தியபடி வரிசையாகச் சமோசா வைத்துக்கொண்டு வந்தார். அவருக்கு மூலையில் இருப்பவர்களை மறந்துவிடும் பழக்கம் உண்டு. சாகுல் ஹமீது உட்கார்ந்திருந்தது மூலையில். அவர் வலது கையை உயர்த்தினார். அதே நொடியில் தலைவர் அன்பழகன், "தீர்மானத்தை ஆதரிப்போர்" என்றார். செயலாளர் டெர்வின் பேனா முனையால் காற்றைக் குத்திக் குத்தி எண்ணினான். தலைவர் ஒன்று. தான் இரண்டு. ஃபைசான் மூன்று. மூலையில் நான்கு.

எதிர்ப்போர் மூன்று. தூக்கத்தில் இருந்தவர் ஒருவர், முருகையா. தீர்மானம் நிறைவேறியது. பெனிட்டா சங்கத்திலிருந்து அகற்றப்பட்டாள்.

கை எப்போது கீழே இறங்கியது என்று சாகுல் ஹமீதுக்கு நினைவில்லை. சமோசா சூடாக இருந்தது மட்டும் நினைவிருக்கிறது.

கடல்மகுடத்தைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லியாக வேண்டும். ஆளுக்கு அறுபது சீட்டு. அதில் கடல்நாகம், எலும்பு மாலுமி, மூன்று தலை ஆமை என்று உயிரினங்கள் இருக்கும். அவற்றை மேசையில் இறக்கி எதிராளியை அடிக்க வேண்டும். சில சீட்டுகள் மந்திரம். எதிராளி எதை இறக்கினாலும் "அது செல்லாது" என்று தடுக்கிற மந்திரமும் உண்டு. அதைத் தீவில் கவுன்டர் என்பார்கள். கையிருப்புச் சீட்டு தீர்ந்துபோனவர் தோற்றவர். சீட்டு எல்லாம் சென்னையிலிருந்து கப்பலில் வரும். கடல் கொந்தளித்தால் வராது. அப்போது இருப்பதை வைத்தே ஆடிக்கொள்வார்கள்.

பெனிட்டா லிட்டில் அந்தமானில், ஹட் பேயில் படகு எஞ்சின் பழுது பார்ப்பவள். அப்பா தாமஸுக்குப் பார்வை மங்கிய பிறகு பட்டறை அவள் கையில். மாதத்துக்கு ஒருமுறை கப்பலேறி, எட்டு மணி நேரம் கடலில் வந்து, டாலிகஞ்ச் மாடியில் உட்கார்ந்து ஒவ்வொருவராகத் தோற்கடித்துவிட்டுத் திரும்பிப் போவாள். அவள் சீட்டுக்கட்டில் ஒரு மீன்குஞ்சுகூடக் கிடையாது. அத்தனையும் கவுன்டர். எதிராளி நாகம் இறக்கினால், "செல்லாது சார்." ஆமை இறக்கினால், "செல்லாது சார்." இப்படியே கிரீஸ் படிந்த நகங்களோடு, குரலை உயர்த்தாமல், எதிராளியின் கட்டு காலியாகும் வரை காத்திருப்பாள். அவளிடம் தோற்பது பல்லைப் பிடுங்கிக்கொள்வதைப் போல இருக்காது. பல் தானாக ஒவ்வொன்றாக விழுவதைப் பார்த்துக்கொண்டிருப்பது போல இருக்கும். சாகுல் ஹமீது இரண்டு வருடத்தில் பத்தொன்பது முறை அப்படிப் பார்த்திருக்கிறார். அதில் அவருக்கு வருத்தம் ஒன்றுமில்லை என்று அவரே சொல்வார்.

தலைவர் அன்பழகனுக்கு வருத்தம் இருந்தது. அவர் ஓர் அலுவலகத்தில் சூப்பரின்டெண்டாக இருந்து ஓய்வு பெற்றவர். எந்த அலுவலகம் என்று சொன்னால் அந்த அலுவலகம் மனம் நோகும். சங்கத்துக்கு வரவுப் பதிவேடு, செலவுப் பதிவேடு, நீல மை, சிவப்பு மை, நான்கு ரப்பர் ஸ்டாம்பு எல்லாம் கொண்டுவந்தவர் அவர். மொத்த உறுப்பினர் ஒன்பது பேர். அவர் சென்னையிலிருக்கும் மருமகனிடம் சொல்லி, தீவிலேயே யாரிடமும் இல்லாத ஒரு சீட்டை வரவழைத்திருந்தார். அதன் பெயர் கருங்காற்று. அதில் இரண்டே வரி: மேசையிலுள்ள ஓர் உயிரினத்தை ஆட்டத்தைவிட்டே அகற்று. இந்த மந்திரத்தை யாராலும், எதனாலும் தடுக்க முடியாது.

கவுன்டர்களின் அரசிக்கு எதிராகக் கவுன்டர் செல்லாத மந்திரம். அன்பழகன் அதற்கு வரவு எண் போட்டு, பிளாஸ்டிக் உறையில் முத்திரை குத்தி வைத்துக்கொண்டார். ஆனால் கருங்காற்று அகற்ற ஓர் உயிரினம் வேண்டும். பெனிட்டாவின் மேசையில் உயிரினமே கிடையாது. ஆகவே யாராலும் தடுக்க முடியாத அந்த மந்திரம், பதினாறு ஆட்டங்களில் தலைவர் கையிலேயே உட்கார்ந்து, வியர்வையில் ஊறி, அவரோடு சேர்ந்து தோற்றது.

பதினேழாவது ஆட்டம்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்தது. ஜனவரியில் சென்னையில் பெரிய போட்டி. தீவிலிருந்து ஒரே ஓர் ஆள் போகலாம். சங்கம் யார் பெயரை எழுதி அனுப்புகிறதோ அவர். இறுதி ஆட்டத்தில் அன்பழகனும் பெனிட்டாவும். தலைவரின் கட்டில் மூன்று சீட்டு பாக்கி. அவர் கருங்காற்றை எடுத்து மேசை நடுவில் வைத்தார்.

மேசையில் உயிரினம் இல்லையே என்று பெனிட்டா மரியாதையாகத்தான் சொன்னாள். அன்பழகன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இது தனிநபர்கள் முடிவு செய்யக்கூடிய விஷயம் அல்ல, சங்கம் முடிவு செய்யட்டும் என்றார். எல்லோரும் அறையிலேயே இருந்ததால் அவசரப் பொதுக்குழுவுக்கு நோட்டீஸ் தேவைப்படவில்லை.

தலைவர் எழுந்து உரையாற்றினார்.

"நண்பர்களே, இது தனிப்பட்ட விரோதம் இல்லை. பெனிட்டா அவர்கள் என்னைப் பதினாறு முறை தோற்கடித்ததற்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது. முதல் வருடத்து ஆட்டத்தையும் சேர்த்துப் பதினேழு என்று சிலர் சொல்கிறார்கள், அதற்கும் சம்பந்தம் கிடையாது. நான் சட்டத்தைப் பார்க்கிறேன். சீட்டில் என்ன எழுதியிருக்கிறது? தடுக்க முடியாது என்று எழுதியிருக்கிறது. ஆனால் இங்கே தடுக்கப்பட்டிருக்கிறது. எதனால்? உயிரினம் இல்லாமையால். இல்லாமையையே ஆயுதமாக வைத்து ஒருவர் விளையாடினால், இருப்பவர்களாகிய நாம் எங்கே போவது? நான் சுற்றிலும் பார்த்தேன். வலப்பக்கம் ஜன்னல். இடப்பக்கம் சுவர். எதிரே மூச்சு விட்டுக்கொண்டிருப்பது ஒன்றே ஒன்றுதான்."

பிறகு அவர் சட்டைப்பையிலிருந்து தட்டச்சு செய்த தீர்மானத்தை எடுத்தார். ஆட்டம் தொடங்கும் முன்பே அது எப்படிப் பையில் வந்தது என்று யாரும் கேட்கவில்லை. மேசையின்மீது உயிரினம் எதுவும் இல்லாதவிடத்து, மேசைக்கு எதிரே அமர்ந்திருப்பவரே உயிரினமாகக் கருதப்படுவார் என்பது தீர்மானம். அகற்றுதலைத் தடுக்க முடியாது என்பதால் அதன்பேரில் மறுப்பு, முறையீடு, விளக்கம், முகச்சுளிப்பு ஆகியவை ஏற்கப்படமாட்டா என்பது துணைத் தீர்மானம்.

தனக்கும் ஓட்டு உண்டல்லவா என்று பெனிட்டா கேட்டாள். டெர்வின் விதிப்புத்தகத்தைப் புரட்டினான். உயிரினங்களுக்கு வாக்குரிமை இல்லை.

"தீர்மானம் இன்னும் பாஸ் ஆகலியே டெர்வின், அதுக்குள்ள நான் எப்படி உயிரினம் ஆனேன்?"

"பாஸ் ஆகும்னு எதிர்பார்க்கப்படுது," என்றான் டெர்வின், பதிவேட்டைப் பார்த்தபடி.

அப்போதுதான் செல்வம்மாள் இரண்டாவது சுற்றுக்குத் தட்டோடு உள்ளே வந்தார்.

வீட்டுக்குப் போனதும் சாகுல் ஹமீது மனைவி ஜைனபிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவர்களுக்கு டாலிகஞ்சிலேயே குடையும் மழைக்கோட்டும் விற்கிற கடை. தீவில் எட்டு மாதம் மழை என்பதால் ஓடுகிறது. ஜைனப் கிழிந்த ஒரு குடைத் துணியைக் கம்பியோடு சேர்த்துத் தைத்துக்கொண்டே கேட்டாள்.

"சமோசா கெடச்சிச்சா?"

"கெடச்சிச்சு."

"தின்னீங்களா?"

"கையில வச்சுட்டாங்க, என்ன பண்றது."

"மொத்தம் எத்தன?"

"ரெண்டு."

ஜைனப் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். இதில் என் தப்பு இருக்கிறதா, இல்லையா, அதை மட்டும் சொல் என்றார் சாகுல். சோறு ஆறுகிறது என்றாள் ஜைனப். திருமணமாகி இருபத்திரண்டு வருடத்தில் சோறு ஆறுவதைப் பற்றி அவள் கவலைப்பட்டது அதுவே முதல் தடவை.

அன்று மாலையே பெனிட்டாவுக்குப் போன் செய்துவிடுவது என்று அவர் முடிவு செய்தார். எண்ணை அழுத்தினார். மணி அடிப்பதற்குள் வெட்டினார். இப்படி நான்கு தடவை. ஹட் பே பக்கம் நெட்வொர்க் சரியில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஹட் பே பக்கம் அன்றைக்கு நெட்வொர்க் பிரமாதமாக இருந்தது.

மறுநாள் செயலாளரைப் பார்க்கப் போனார். டெர்வினுக்கு அபர்தீன் பஜாரில் மொபைல் ரீசார்ஜ் கடை. பெனிட்டாவைப் போல அவனும் கடற்கரைக் குடும்பத்துப் பையன்தான், ஒரே கோயிலில் ஞானஸ்நானம். சாகுலைக் கண்டதும் அவன் கடையின் மேசைமேல் ஒரு மூன்று தலை ஆமைச் சீட்டை எடுத்து வைத்தான். பயப்படாதே, நான் எதையும் அகற்ற வரவில்லை என்றார் சாகுல். என் ஓட்டைத் திரும்ப எடுத்துக்கொள்ள வந்திருக்கிறேன், அது ஓட்டே இல்லை, சமோசா.

டெர்வின் நிகழ்ச்சிக் குறிப்பைக் காட்டினான். "மூலையில் ஒரு வலது கை உயர்ந்தது. அது முழுமையாக உயர்ந்தது" என்று அழகான கையெழுத்தில் இருந்தது. உயர்ந்த கையைத் திரும்ப எடுத்துக்கொண்டால் அது தீர்மானத்துக்கு மறுப்பு. மறுப்பு என்பது கவுன்டர். கவுன்டர் செல்லாது. சரி, மறுப்பு வேண்டாம், வேண்டுகோள் என்று வைத்துக்கொள் என்றார் சாகுல். வேண்டுகோளுக்கு ஒரு படிவம் இருந்தது. அதில் முதல் கேள்வி: இந்த வேண்டுகோளால் ஏதேனும் மாறுமா? ஆம் என்றால் அது கவுன்டர், நிராகரிக்கப்படும். இல்லை என்றால் வேண்டுகோளே அவசியமில்லை, நிராகரிக்கப்படும்.

"அரே பாய், டென்ஷன் மத் லோ," என்றான் டெர்வின். "கவலப்படாதீங்க. எனக்கும் மனசு கேக்கல. ஆனா தலைவர் சார் கையெழுத்துப் போட்டுட்டார், நானும் போட்டுட்டேன். அப்புறம் பேசி என்ன ஆகும்?"

"அதெல்லாம் விடு. தப்பு என்னோடதா இல்லையா? அத மட்டும் சொல்லு."

டெர்வின் குறிப்பேட்டை மறுபடி விரித்து, கோடு போட்ட கட்டங்களை விரலால் தடவிக் காட்டினான். தீர்மானம், ஆதரவு, எதிர்ப்பு, நடுநிலை. "தப்புன்னு ஒரு கட்டமே இல்லையே பாய்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் தீர்மானம் வேலை செய்யத் தொடங்கியிருந்தது. எதிரே உட்கார்ந்திருப்பவர் எந்நேரமும் உயிரினமாகக் கருதப்படலாம் என்பதால், எல்லோரும் சட்டைப்பையில் ஓர் உயிரினச் சீட்டு வெளியே தெரியும்படி செருகிக்கொண்டு வந்தார்கள். முருகையா தூங்குகிறவர். விழித்திருந்து காட்ட முடியாது என்பதால் கடல்நாகத்தை நெற்றியில் ஒட்டிக்கொண்டு தூங்கினார். ஃபைசானிடம் இருந்த உயிரினங்கள் எல்லாம் முந்தின வாரம் பந்தயத்தில் போயிருந்தன. அவன் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் உயிருள்ள நண்டு ஒன்றைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தான். நண்டு சீட்டா, உயிரினமா என்பது பற்றி நாற்பது நிமிடம் விவாதம் நடந்தது. இறுதியில் நண்டு இடைக்கால உயிரினமாக ஏற்கப்பட்டது. வாக்குரிமை இல்லை.

பெனிட்டாவின் நாற்காலியைத் தலைகீழாகக் கவிழ்த்து, காலில் நூல் கட்டி, சிவப்பு மையில் "அகற்றப்பட்டது" என்று எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள். சாகுல் ஹமீது அதைப் பார்க்காமல் இருக்கத் திரும்பி உட்கார்ந்தார். திரும்பினால் ஜன்னல் கண்ணாடியில் அதுவே தெரிந்தது.

அவளுக்குச் சங்கம் பதிவுத் தபால் அனுப்பியிருந்தது. இதில் ஒரு சிக்கல். ஒப்புகைச் சீட்டில் அவள் கையெழுத்துப் போட்டால் அது பதில். பதில் என்றால் கவுன்டர். ஆகவே ஒப்புகை இல்லாமல் அனுப்பினார்கள். ஒப்புகை இல்லாததால் கடிதம் சேர்ந்ததா என்று தெரியவில்லை. தெரிந்துகொள்ள அவளைக் கேட்க வேண்டும். கேட்டால் பதில் சொல்வாள். ஆகவே கடிதம் சேர்ந்துவிட்டது என்று கருதுவதற்கு இரண்டு பேர் கொண்ட குழு அமைக்கப்பட்டது. குழு கூடிக் கருதியது.

கூட்டத்தின் நடுவே செல்வம்மாள் போன வாரத்துத் தட்டைக் கேட்க வந்தார். வந்தவர் தலைவரின் மேசைக்கு எதிரே நின்றார். அவர் கையில் உயிரினம் எதுவும் இல்லை. ஒரு தூக்குவாளி மட்டும் இருந்தது. அன்பழகனின் கை கருங்காற்றின் மேல் போய் நின்றதை எல்லோரும் பார்த்தார்கள். எனக்கு வேறு வழியில்லை, நானே விதிவிலக்குச் செய்தால் நாளை யார் விதியை மதிப்பார்கள் என்று சொல்லி அவர் சீட்டை இறக்கினார்.

செல்வம்மாள் சீட்டைப் பார்த்தார், தலைவரைப் பார்த்தார்.

"என்னய்யா இது?"

"நீங்க அகற்றப்பட்டிருக்கீங்க."

"அப்படியா. அப்ப தட்ட எடுத்துக்கிறேன்." தட்டை எடுத்துத் தூக்குவாளியின்மேல் கவிழ்த்துக்கொண்டார். படியில் இறங்கும்போது மட்டும் குரல் கேட்டது. "பொழுது போகாதவனுவளா."

அன்றிலிருந்து சங்கத்தில் சமோசா இல்லை. பொது அமைதி கருதி யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. சாகுல் ஹமீதுக்கு மட்டும் ஒரு விசித்திரமான நிம்மதி ஏற்பட்டது. அது அரை மணி நேரம் நீடித்தது.

தபால் போகிற நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. சென்னைக்குப் பெயர் அனுப்பக் கடைசி நாள் செவ்வாய்க்கிழமை. அதற்குள் ஏதாவது செய்தால் பெனிட்டா போகலாம். செய்யாவிட்டால் அன்பழகன் போவார். திங்கட்கிழமை காலை சாகுல் ஹமீது குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, சட்டைப்பையிலிருந்த எலும்பு மாலுமியை எடுத்து வீட்டிலேயே வைத்துவிட்டு, வெறுங்கையோடு தலைவர் வீட்டுக்குப் போனார். மேசைக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"சார், என் மேசையில உயிரினம் இல்ல. என்னை அகற்றுங்க."

அவர் கணக்குப்படி இது பிழையில்லாத திட்டம். தான் அகற்றப்பட்டால் தன் கையும் அகற்றப்படும். தீர்மானம் மூன்றுக்கு மூன்று என்று தொங்கும். யாராலும் தடுக்க முடியாததை அதை வைத்தே உடைப்பது. பத்தொன்பது முறை பெனிட்டாவிடம் தோற்றதில் இவ்வளவாவது கற்றுக்கொண்டிருந்தார்.

அன்பழகன் பதறிப்போனார். மேசை இழுப்பறையைத் திறந்து கருங்காற்றை உள்ளே போட்டுப் பூட்டினார். சாவியை இடுப்பில் செருகினார்.

"என்ன பேச்சு பேசுறீங்க சாகுல். உங்களை அகற்றுவதா? நீங்க யாரு? நீங்கதான் பெரும்பான்மை. மற்ற மூன்று கையும் கை. உங்க கைதான் தீர்மானம். உங்களை எடுத்துட்டா சங்கத்தோட ஜனநாயகம் என்ன ஆகும், சட்டம் என்ன ஆகும், என் சென்னை என்ன ஆகும்? சென்னை வேற விஷயம். அதை விடுங்க."

"நான் சமோசாவுக்குத் தூக்கினேன் சார்."

"எதற்குத் தூக்கினீர்கள் என்று நான் ஆராய்வதில்லை. முப்பத்தாறு வருஷம் சர்வீஸ். காகிதத்தில் கையெழுத்து இருக்கிறதா என்று பார்ப்பேன். போட்டவன் அழுதுகொண்டே போட்டானா, சிரித்துக்கொண்டே போட்டானா என்று நான் ஒருநாளும் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் இத்தனை வருஷம் நிம்மதியாகத் தூங்கியிருப்பேனா?"

ஒரு கணம் அவர் குரல் மாறியது போல இருந்தது. உடனே ரப்பர் ஸ்டாம்பைத் தேடி எடுத்தார். சாகுல் ஹமீது அதே இடத்தில் அகற்ற முடியாத வாழ்நாள் உறுப்பினராக நியமிக்கப்பட்டார். அதற்கு அவருடைய சம்மதம் தேவைப்படவில்லை. மறுக்கவும் முடியாது, மறுத்தால் கவுன்டர்.

சான்றிதழைக் கையில் வாங்கிக்கொண்டு வாசல்வரை வந்தவர் திரும்பி, தப்பு என்னுடையதா சார் என்று கேட்டார். சங்கத்தில் தனிநபர் தவறு என்று ஒன்று கிடையாது, எல்லாமே கூட்டுப் பொறுப்பு என்றார் தலைவர். கூட்டத்தில் யாருமே அந்தப் பொறுப்பைச் சுமந்து சாகுல் பார்த்ததில்லை.

செவ்வாய்க்கிழமை பெயர் போனது. அன்பழகன், வயது அறுபத்து மூன்று.

புதன்கிழமை விடிந்ததும் சாகுல் ஹமீது ஃபீனிக்ஸ் பே கப்பல் டிக்கெட் வரிசையில் நின்றார். எதற்கு ஹட் பே என்று கவுன்டரில் இருந்தவர் கேட்கவில்லை. சாகுல் தானாகவே சொன்னார். முன்னால் நின்ற தெலுங்குக்காரரிடமும் சொன்னார். ஜைனப் ஒரு டப்பாவில் தொதல் அல்வா வைத்துக் கட்டிக் கொடுத்திருந்தாள். கீழக்கரையிலிருந்து அவளுடைய உம்மா கொடுத்தனுப்பியது, பெருநாளுக்கு என்று ஒளித்து வைத்திருந்தது. அந்தப் பிள்ளையிடம் கொடுங்கள் என்றாள். வேறு ஒன்றும் சொல்லவில்லை. அந்த டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு எட்டு மணி நேரம் கடலில் போவது, ஜைனப் ஏதாவது சொல்லியிருந்தால் அதைக் கேட்பதைவிடக் கனமாக இருந்தது.

கப்பலில் அவர் என்ன பேசுவது என்று தயார் செய்தார். முதலில் செல்வம்மாள் மூலையை மறக்கிற பழக்கம். பிறகு தட்டு வந்த திசை. பிறகு இரண்டும் ஒரே நொடியில் நடந்தது. வாழ்நாள் உறுப்பினர் சான்றிதழையும் எடுத்து வந்திருந்தார், அவள் கண் முன்னாலேயே கிழிப்பதற்கு. அது சம்பந்தமாகச் சொல்ல வேண்டிய வாசகமும் தயார். ருட்லேண்ட் தீவைத் தாண்டியதும் கடல் எழுந்தது. ஒரு கையால் கம்பியையும் மறு கையால் டப்பாவையும் பிடித்துக்கொண்டு, வாசகத்தை மறுபடி முதலிலிருந்து சொல்லிப் பார்த்தார்.

பெனிட்டாவின் பட்டறை ஜெட்டியிலிருந்து நடக்கிற தூரம். தகரக் கூரை, சுவர் எல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு, பகலிலும் உள்ளே இருட்டு. அப்பா தாமஸ் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, யாரோ வருகிற சத்தம் கேட்டு, யாரு என்றார். போர்ட் பிளேயர் சாகுல் என்றார் இவர். ஓ, சமோசாக்காரரா என்றார் தாமஸ். அதில் கேலி இருந்ததா என்று சாகுலால் கண்டுபிடிக்க முடியவில்லை.

பெனிட்டா ஒரு படகு எஞ்சினைத் திறந்து போட்டு, உள்ளே தலையை நுழைத்திருந்தாள். திரும்பிப் பார்த்தாள். வாங்க பாய் என்றாள். அடுத்து அவள் செய்தது சுவரில் தொங்கிய ஒயர் விளக்கை எடுத்து அவர் கையில் கொடுத்தது.

"இத கொஞ்சம் தூக்கிப் பிடிங்க. இன்னும் மேல. ஆ, அப்படியே. நாலு மணிக்கு மீன்படகு போவணும்."

சாகுல் ஹமீது வலது கையை உயர்த்தி விளக்கைப் பிடித்தார். இடது கையில் தொதல் டப்பா. சான்றிதழ் சட்டைப்பையில் இருந்தது, எடுக்கக் கை இல்லை. கடலில் எட்டு மணி நேரம் தயார் செய்த எல்லாம் இந்த நிலையில் சொல்ல முடியாததாக இருந்தது. இருந்தாலும் ஆரம்பித்தார். செல்வம்மாள் மூலையை மறப்பதைச் சொன்னார். தட்டு வந்த திசையைச் சொன்னார். டெர்வினின் படிவம், நண்டு, தலைவர் இழுப்பறையைப் பூட்டியது எல்லாம் சொன்னார். நண்டுக்கு மட்டும் பெனிட்டா சிரித்தாள். ஸ்பானரால் ஒரு பிளக்கைக் கழற்றி, ஊதி, துணியில் துடைத்து, வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தாள்.

சென்னை என்ன ஆயிற்று என்று அவர் கேட்டார். கேட்டிருக்கவே கூடாது, அவருக்குத் தெரியும்.

"சென்னை போச்சு பாய். இந்த வருஷம் இல்ல." பிளக்கைத் திரும்ப மாட்டினாள். "கப்பல் டிக்கெட் போட்டு வச்சிருந்தேன். கேன்சல் பண்ணிட்டேன்."

கை வலிக்கத் தொடங்கியது. விளக்கின் வெளிச்சம் எஞ்சினுக்குள் ஆடியது. தூக்கிய கை இவ்வளவு கனக்கும் என்று அன்றைக்கு அந்த மாடியில் அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. அன்றைக்குக் கனக்கவே இல்லை.

"பெனிட்டா, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். எல்லார்கிட்டயும் கேட்டுட்டேன். யாரும் சொல்ல மாட்டேங்குறாங்க. தப்பு என்னோடதா?"

"ஆமா பாய்," என்றாள் பெனிட்டா.

அவள் எஞ்சினுக்குள்ளிருந்து தலையை வெளியே எடுத்தாள். கோபமாக இல்லை. ஆட்டத்தில் "செல்லாது சார்" என்பாளே, அந்தக் குரல்.

"நீங்க சமோசாவுக்குத்தான் தூக்குனீய. அது எனக்குத் தெரியும், நான் எதுத்தாப்புலதானே இருந்தேன். செல்வம்மாக்கா வந்து வச்சாங்க. நீங்க அத இடது கையில வாங்குனீய. அப்புறந்தான் டெர்வின் எண்ண ஆரம்பிச்சான். ஒண்ணு, ரெண்டு, மூணு. அப்ப நீங்க என்னப் பாத்தீய. பாத்துட்டுத்தான் இருந்தீய. நானும் உங்களத்தான் பாத்துட்டிருந்தேன், இப்ப எறக்கிருவாரு, இப்ப எறக்கிருவாருன்னு. நீங்க எறக்கல. பத்தொம்பது ஆட்டம் தோத்த கை பாய் அது. அவ்வளவுதான்."

வாசலில் தாமஸ் இருமினார். ஜெட்டிப் பக்கம் ஏதோ ஒரு படகு ஹாரன் அடித்தது.

இத்தனை நாளாகச் சாகுல் ஹமீது தேடிய நினைவு, கை எப்போது இறங்கியது என்பது, இப்போது தெளிவாக வந்து நின்றது. டெர்வின் நான்கு என்று சொன்ன பிறகு இறங்கியது.

தோள் தெறித்தது. விளக்கை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தார். இன்னொரு பிளக் மாட்ட வேண்டியிருந்தது.